தாத்தாவுக்குப் பின்னிய கழுத்துத் துண்டு

பள்ளி மணி ஆண்டின் கடைசித் தடவையாக ஒலிக்கும் நாளில் மகிழாத மாணவர் உண்டோ? புத்தகப் பையைச் சுவரில் மாட்டிவிட்டு ஆற்றங்கரைக்கும் பந்துத் திடலுக்கும் ஓடும் அந்நாளின் இன்பத்தை நாங்களும் நன்கு அறிவோம். இப்பள்ளியின் பழைய மாணவர்களாகிய எங்கள் மூவரையும் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு ஆசிரியப் பெருமக்கள் கேட்டுக்கொண்டபோது, எங்கள் உள்ளத்தில் முதலில் எழுந்தது 1979-ஆம் ஆண்டின் இறுதி விடுமுறையே. அவ்விடுமுறையில் நாங்கள் கண்ட காட்சிகள் பல. உண்ட தின்பண்டங்களும் பல. ஆயினும் இன்றளவும் எங்கள் நெஞ்சைவிட்டு அகலாதிருப்பது, எங்கள் ஆறு கைகளும் சேர்ந்து பின்னிய ஒரு கம்பளிக் கழுத்துத் துண்டேயாகும்.

அந்நாளில் எங்கள் குடும்பம் பேராக் மாநிலத்தில் பீடோருக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தது. தந்தையாரும் தாயாரும் பால்மரம் வெட்டும் தொழிலாளர்கள். எங்களுள் மூத்தவளுக்கு வயது 12. ஆறாம் ஆண்டை முடித்துப் புகுமுக வகுப்பிற்குச் செல்லவிருந்தாள். நடுவிலவளுக்கு வயது 10. இளையவனுக்கு 8. மூவரும் ஒரே பாயில் உறங்கி, ஒரே விளக்கில் படித்து வளர்ந்தோம். ஆகவே இக்கட்டுரையையும் மூவரும் சேர்ந்தே எழுதுகின்றோம்.

எங்கள் தந்தையாரின் தங்கையாகிய அத்தை, கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து வந்தார். தாத்தாவும் அங்கேயே அத்தையுடன் இருந்தார். அவர் 1936-ஆம் ஆண்டில், தமது 19-ஆம் வயதில், நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். சில காலம் ரப்பர்த் தோட்டத்திலும், பின்னர்த் தேயிலை மலையிலும் உழைத்தவர். எங்கள் பாட்டியார் அம்மலையிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

தாத்தாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. 1957-ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்ற வேளையில் பலர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தனர். எழுத்தறியாத தாத்தாவோ, "உழைக்கிறவனுக்கு அட்டையின் நிறத்தால் என்ன வந்தது?" என்று வாளாவிருந்துவிட்டார். 1968-ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்றாயிற்று. அதனால் தோட்டங்களை விட்டுத் தாயகம் திரும்பியோர் ஆயிரக்கணக்கானோர். தாத்தாவின் வேலையும் போயிற்று. அதன்பின் அத்தை வீட்டின் பின்புறம் முட்டைக்கோசும் கீரையும் பயிரிட்டுக் காலத்தைக் கழித்தார். 1979-ஆம் ஆண்டில் அவருடைய ஒரே தங்கை ஊரிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். "கண் மூடுவதற்குள் ஒருமுறை வந்து முகம் காட்டக்கூடாதா?" என்பதே அக்கடிதத்தின் சாரம். தாத்தா புறப்பட முடிவு செய்தார். மீண்டும் வருவாரோ மாட்டாரோ, எவரும் அவரிடம் கேட்கவில்லை.

"இந்த விடுமுறையைத் தாத்தாவுடன் கழியுங்கள்," என்று சொல்லித் தந்தையார் எங்களை மலைக்கு அழைத்துச் சென்றார்.

தாப்பாவில் பேருந்து ஏறினோம். மலைப்பாதை பாம்பைப் போல் வளைந்து வளைந்து சென்றது. இளையவன் மூன்று முறை வாந்தி எடுத்தான். வழியில் இஸ்கந்தர் அருவி வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் பாறையில் வழிந்தது. மேலே ஏற ஏறக் காது அடைத்தது, காற்றுக் குளிர்ந்தது. பிரித்தானிய நில அளவையாளரான வில்லியம் கேமரன் 1885-ஆம் ஆண்டில் இம்மலைப்பகுதியை ஆராய்ந்தமையால் அவர் பெயரே மலைக்கு அமைந்தது என்று தந்தையார் கூறினார். 1929-ஆம் ஆண்டில் ரஸ்ஸல் என்பவர் அங்கே போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அதன்பின் அம்மலைச் சரிவுகளைப் பச்சைக் கம்பளமாக்கிய கைகளுள் தமிழர் கைகள் பல என்பதை நாங்கள் நேரிலேயே கண்டோம். தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியில் வியர்வையில் நனைந்து வளர்ந்த எங்களுக்கு முதல் இரவிலேயே பற்கள் தந்தியடித்தன. மூவரும் ஒரே போர்வைக்காகப் போரிட்டோம்.

மறுநாள் தந்தையார் வேலைக்குத் திரும்பினார். அன்று மாலை, தாத்தா கோயிலுக்குச் சென்றிருந்த நேரத்தில், மூத்தவள் அத்தையிடம் மெல்லக் கேட்டாள்: "அத்தை, தாத்தாவுக்கு நாங்கள் ஏதாவது கொடுக்கவேண்டும். எங்களிடம் இருப்பதோ எண்பது காசு. என்ன வாங்கலாம்?"

அத்தை சிரித்தார். "எண்பது காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் மேல்தளத்தில் இரவில் காற்று அடிக்கும். அவருக்கு மார்புச் சளி உண்டு. கழுத்துக்கு ஒரு கம்பளித் துண்டு பின்னிக் கொடுங்கள்," என்றார்.

அத்தை இளமையில் தோட்டத் துரையின் வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலையில் இருந்தவர். அங்கே துரைசானியிடம் பின்னல் வேலை கற்றிருந்தார். மறுநாள் மாலை, கழுவி உலர்த்திய நீலக் கம்பளி நூலைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். நூல் சுருள் சுருளாக இருந்தது. "இது ஏன் அத்தை, ஆட்டுக்குட்டியின் மயிரைப்போல் சுருண்டிருக்கிறது?" என்று கேட்டோம். "தெரிந்த ஓரிடத்தில் மலிவாகக் கிடைத்தது," என்று மட்டுமே விடை வந்தது. நூற்கற்றையை நனைத்து, அடியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். இரவு முழுதும் தொங்கியதால் நூல் பெரிதும் நேராயிற்று. மாமா மூங்கிலைச் சீவி, கண்ணாடித் துண்டால் வழவழப்பாக்கி, இரண்டு ஊசிகள் செய்து தந்தார்.

"ஆண்பிள்ளை பின்னுவதா?" என்று இளையவன் முகத்தைச் சுளித்தான். "வலை பின்னுகிற மீனவர் ஆண்பிள்ளை இல்லையா?" என்றார் மாமா. அவன் வாயடைத்துப் போய் ஊசியைக் கையில் எடுத்தான்.

மாணவச் செல்வங்களே! பின்னும் முறையையும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறுகின்றோம். முதலில் ஓர் ஊசியில் 40 கண்ணிகளை ஏற்றி, அதை இடக்கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். வலக்கை ஊசியை முதற் கண்ணிக்குள் நுழைத்து, நூலை அதன் முனையில் ஒரு சுற்றுச் சுற்றி, அக்கண்ணியின் வழியே வெளியே இழுத்தால் புதிய கண்ணியொன்று தோன்றும். பழைய கண்ணியை இடக்கை ஊசியிலிருந்து நழுவவிட வேண்டும். இவ்வாறு 40 கண்ணிகளும் வலக்கை ஊசிக்கு மாறினால் ஒரு வரிசை முடிந்தது. ஊசிகளைக் கைமாற்றிக்கொண்டு அடுத்த வரிசையைத் தொடங்கலாம். எல்லா வரிசைகளையும் இம்முறையிலேயே பின்னினால் துணி இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும், ஓரமும் சுருளாது. புதிதாகக் கற்போர்க்கு இதுவே ஏற்றது.

மூத்தவள் கணக்கில் கெட்டிக்காரி. அத்தை பின்னிக் காட்டிய சிறு துண்டை அளவுகோலால் அளந்தாள். ஓர் அங்குலத்திற்கு 9 வரிசைகள் இருந்தன. துண்டின் நீளம் 5 அடி. அதாவது 60 அங்குலம். ஆகவே 540 வரிசைகள் வேண்டும். வரிசைக்கு 40 கண்ணிகள் என்றால் மொத்தம் 21,600 கண்ணிகள்! நடுவிலவள் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். "தாத்தா மலையை விட்டு இறங்க இன்னும் 18 நாள் இருக்கிறது. நாளொன்றுக்கு 30 வரிசை; ஆளுக்குப் பத்தே வரிசைதான்," என்றாள் மூத்தவள். 21,600 என்றபோது அஞ்சிய நாங்கள், பத்து என்றதும் சிரித்தோம். பெரிய வேலையைச் சிறு சிறு பங்காகப் பிரித்துக்கொண்டால் அச்சம் நீங்கும் என்பதை அன்று கற்றோம். பின்னாளில் தேர்வுகளுக்குப் படித்தபோதும் இப்பாடமே கைகொடுத்தது.

காலையில் அத்தையும் மாமாவும் பெரட்டுக்குச் சென்ற பிறகு, தாத்தா மண்வெட்டியுடன் காய்கறித் தோட்டத்திற்குப் போவார். அந்நேரத்தில் நாங்கள் பின்னுவோம். அவருடைய செருமல் கேட்டதும் அரிசிப் பானைக்குள் எல்லாவற்றையும் ஒளித்துவிடுவோம்.

இரண்டு நாளில் 60 வரிசைகள் முடிந்தன. பெருமையுடன் அத்தையிடம் காட்டினோம். அவர் விரலால் கண்ணிகளை எண்ணினார். மீண்டும் ஒருமுறை எண்ணினார். 40 இருக்கவேண்டிய இடத்தில் 46 இருந்தன! வரிசையின் தொடக்கத்தில் நூலைத் தவறாக ஊசியின்மேல் போட்டுக்கொண்டதால், எங்களை அறியாமலேயே புதுக் கண்ணிகள் முளைத்திருந்தன. துணியும் முறத்தைப்போல் ஒருபுறம் அகன்றிருந்தது. "நான் இல்லை, அவள்தான்," என்று நாங்கள் ஒருவரையொருவர் சுட்டினோம். யார் செய்த தவறு என்று அத்தை கேட்கவே இல்லை.

"பிரித்துவிடுங்கள்," என்றார்.

"தாத்தா ஒன்றும் சொல்ல மாட்டாரே அத்தை!" என்று கெஞ்சினோம்.

"ஆமாம், சொல்ல மாட்டார். கோணலாக இருந்தாலும் நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்வார். அவர் அப்படிச் சொல்வார் என்பதற்காகவே பிரிக்கவேண்டும்," என்றார் அத்தை.

இரண்டு நாள் உழைப்பு கால்மணி நேரத்தில் நூலுருண்டையாகிவிட்டது. இளையவன் தேம்பித் தேம்பி அழுதான். எஞ்சியிருந்ததோ 16 நாள். மூத்தவள் மீண்டும் கணக்கிட்டாள். அவள் 14 வரிசையும், மற்ற இருவரும் பத்துப் பத்து வரிசையும் பின்னினால் நாளொன்றுக்கு 34 ஆகும். 16 நாளில் 544 வரிசை கிடைத்துவிடும். அதன்பின் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கண்ணிகளை எண்ணிப் பார்த்த பிறகே ஊசியைக் கைமாற்றினோம்.

பின்னல் வேலையால் விடுமுறையின் இன்பம் குறைந்துவிட்டதென்று எண்ணவேண்டா. பிற்பகல்களில் தாத்தா எங்களை வெளியே அழைத்துச் செல்வார். ஒருநாள் தேயிலை ஆலையைக் காட்டினார். பறித்த கொழுந்தைக் காற்றில் வாட்டுவதும், உருளையில் கசக்குவதும், காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகும்வரை பரப்பி வைப்பதும், பின்னர்ச் சூட்டில் உலர்த்துவதும் கண்டு வியந்தோம். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்தே 1 கிலோ தேயிலைத் தூள் கிடைக்குமாம். கொழுந்து மலைக்கும் சென்றோம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, திரும்பிப் பாராமலேயே முதுகுக் கூடைக்குள் எறியும் அத்தையின் விரைவைக் கண்டு மலைத்தோம். பாரிட் அருவியில் கால் நனைத்தபோது குளிர் எலும்பைத் தொட்டது. மாலையில் அடுப்பங்கரையைச் சுற்றி அமர்ந்து, சுட்ட சோளத்தைத் தின்றவாறு தாத்தாவின் கதைகளைக் கேட்போம். அவர் கதைகளில் காவிரிக் கரையும் வரும். கேமரன் மலைப் பனியும் வரும். எது அவருடைய ஊர் என்று எங்களுக்கு ஐயம் எழும்.

ஒருநாள் பாட்டியின் கல்லறைக்கு எங்களை அழைத்துச் சென்றார். சுற்றியிருந்த புல்லைச் செதுக்கிவிட்டு, நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். திரும்பும்போது, "இனி இந்தப் புல்லை யார் பார்த்துக்கொள்வது?" என்றார். "அத்தை பார்த்துக்கொள்வார் தாத்தா," என்றான் இளையவன். தாத்தா அவன் தலையைத் தடவினார்.

திசம்பர் இறுதியில் தந்தையாரும் தாயாரும் விடுப்பு எடுத்துக்கொண்டு மலைக்கு வந்தனர். கடைசி நாள் இரவு எட்டு மணிக்கு 544-ஆம் வரிசை முடிந்தது. அத்தை கண்ணிகளை மூடிக் கொடுத்தார். குடும்பத்தினர் அனைவரும் கூடியிருக்க, நாங்கள் மூவரும் சேர்ந்து துண்டைத் தாத்தாவின் கழுத்தில் சுற்றினோம்.

தாத்தா அதை விரலால் தடவிப் பார்த்தார். "மழையில்கூடக் கிழவன் ஏன் தோட்டத்தில் போய் நின்றான் என்று நினைத்தீர்கள்? நான் உள்ளே வந்தால் நீங்கள் அரிசிப் பானையைத் தேடி ஓடவேண்டுமே!" என்றார். அனைவரும் சிரித்தோம். அவர் மட்டும் துண்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் பனிமூட்டம் படர்ந்திருந்தது. அத்தை சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்தியவாறு நடுங்கிக்கொண்டு நின்றார். "இந்தக் குளிரில் இப்படியா வருவது? அந்த நீலக் கம்பளிச் சட்டை எங்கே?" என்று தாயார் கேட்டார். அத்தை விடை சொல்லவில்லை. தாத்தாவின் கழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, எங்கள் பெட்டியைத் தூக்கிப் பேருந்தில் வைத்தார்.

அப்போதுதான் அந்நூல் ஏன் சுருண்டிருந்தது என்பது எங்களுக்கு விளங்கிற்று. பின்னிய ஆடையைப் பிரித்தெடுத்த நூலே அவ்வாறு சுருண்டிருக்கும். மலைக் குளிருக்கென்று தமக்கிருந்த ஒரே கம்பளிச் சட்டையைப் பிரித்துத்தான் அத்தை எங்களுக்கு நூல் தந்திருந்தார். பதினெட்டு நாளும் விடியற்குளிரில் அவர் மாமாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குச் சென்றதை நாங்கள் கண்டிருந்தோம். ஆயினும் ஏனென்று கேட்டோமில்லை. பேருந்து மலையிறங்கும்வரை எங்களுள் எவரும் பேசவில்லை. அன்று இளையவன்கூட வாந்தி எடுக்கவில்லை.

1980-ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் தந்தையார் தாத்தாவைப் பினாங்குக்கு அழைத்துச் சென்று 'சிதம்பரம்' கப்பலில் ஏற்றிவிட்டார். பள்ளி திறந்துவிட்டமையால் நாங்கள் உடன் செல்ல இயலவில்லை. அவ்வாண்டு மார்கழியில் ஊரிலிருந்து ஒரு நீலநிற வான்கடிதம் வந்தது. யாரோ ஒரு மாணவன் எழுதிக் கொடுத்திருந்தான். "பேரப் பிள்ளைகளே! இங்கே சித்திரை வெயிலில் நீங்கள் கொடுத்த துண்டைப் பெட்டியில் வைத்திருந்தேன். மார்கழி பிறந்ததும் எடுத்துக் கட்டிக்கொண்டேன். விடியற்காலையில் கோயிலுக்குப் போகையில் ஊரார் என்னை மலாயாக்காரர் என்று அழைக்கிறார்கள்," என்று அதில் இருந்தது. மலையில் அவரை ஊர்க்காரர் என்பர். ஊரிலோ அவர் மலாயாக்காரர் ஆனார்.

கப்பலில் சென்று அவரை ஒருமுறை பார்த்து வரவேண்டுமென்று தந்தையார் காசு சேர்த்து வந்தார். ஆனால் 1985-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அக்கப்பல் கடலில் தீப்பற்றியது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அத்துடன் அதன் பயணிகள் போக்குவரத்தும் நின்றது. விமானக் கட்டணமோ பால்வெட்டுத் தொழிலாளிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 1986-ஆம் ஆண்டில் தாத்தா இயற்கை எய்தினார். இறுதிநாளில் அத்துண்டு அவர் கழுத்தில் இருந்ததாக அவருடைய தங்கை எழுதியிருந்தார்.

அத்தைக்குக் கைம்மாறாக என்ன செய்தோம் என்று நீங்கள் கேட்கலாம். 1980, 1981 ஆகிய ஈராண்டு விடுமுறைகளிலும் முயன்று, கையில்லாத கம்பளிச் சட்டையொன்றைப் பின்னினோம். நூல் வாங்கப் பால்மரத் தோப்பில் கொட்டாங்கட்டிப் பால் பொறுக்கி உதவியதற்குத் தாயார் தந்த காசைச் சேர்த்தோம். இம்முறை மூன்றிடத்தில் தவறு நேர்ந்தது. மூன்று முறையும் எவரும் சொல்லாமலே பிரித்தோம். அத்தை அதைப் பெற்றுக்கொண்டு, "இதைப் போட்டுக்கொண்டு கொழுந்து மலைக்குப் போனால் செடியில் மாட்டிக் கிழிந்துவிடுமே!" என்று சொல்லிப் பெட்டியில் வைத்துவிட்டார். திருவிழா நாளில் மட்டுமே அணிவார். இன்று அவருக்கு வயது 80. அச்சட்டை இன்னும் அவர் பெட்டியில் இருக்கிறது. பாட்டியின் கல்லறையைச் சுற்றியுள்ள புல்லும் ஆண்டுதோறும் செதுக்கப்படுகிறது.

நாங்கள் வளர்ந்த ரப்பர்த் தோட்டம் பின்னர்ச் செம்பனைத் தோட்டமாகிவிட்டது. தேயிலை மலையில் இப்போது இயந்திரங்களும், நேப்பாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் கொழுந்து பறிக்கின்றனர். அவர்களுக்கும் தொலைவில் ஓர் ஊரும், வழிபார்த்திருக்கும் ஒரு தங்கையும் இருக்கக்கூடும்.

அன்பு மாணவச் செல்வங்களே! வரும் விடுமுறையில் நீங்கள் எங்கேனும் செல்லுங்கள், ஓடியாடி மகிழுங்கள். அதனோடு, வீட்டிலுள்ள ஒரு பெரியவருக்காக உங்கள் கையாலேயே ஏதேனும் ஒன்றைச் செய்து கொடுங்கள். அது கம்பளித் துண்டாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தாளில் செய்த ஒரு பூவாகவும் இருக்கலாம். தவறு நேர்ந்தால் அஞ்சாது பிரித்து மீண்டும் தொடங்குங்கள். பெற்றோர்களே! பிள்ளைகள் செய்யும் வேலை கோணலாக இருப்பின், அருகமர்ந்து எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். உங்கள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் உரிய காலத்தில் எடுத்து வைக்கவும் மறவாதீர்கள். எங்கள் தாத்தா மறந்ததன் விலையை நாங்கள் அறிவோம்.

பரிசு ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, அதன் நூல் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அன்று அத்தையிடம் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.